கோமாவின் காரணங்களும் படுக்கையருகே செய்யும் நரம்பியல் பரிசோதனையும்

கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒருவர் எதனால் கோமாவில் விழுகிறார் என்பது முதலாவது. சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன்கள் இருக்கும்போது மருத்துவர் கண்ணில் டார்ச் அடிப்பதும், தலையைத் திருப்பிப் பார்ப்பதும், நகத்தை அழுத்துவதும் இன்னும் எதற்காக என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை மூளைத்தண்டில்தான் தொடங்குகிறது. பெருமூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் இந்தத் தண்டு, மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என்ற மூன்று பகுதிகளால் ஆனது. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலையும், கண்பாவையையும் கண்ணசைவையும் மூச்சையும் ஆளும் நரம்புக் கருக்களும் (நரம்பணுத் தொகுதிகளும்) சில சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்தத் தண்டுக்குள் நெருங்கி அமைந்திருக்கின்றன. ஆகவே, பேச முடியாத நோயாளியின் கண்பாவையும் கண்ணசைவும், விழிப்பு எந்த இடத்தில் அறுந்தது என்பதை அவருக்குப் பதிலாகச் சொல்கின்றன.

கோமா என்பது, கண்கள் மூடியபடி, உரக்க அழைத்தாலும் வலி உண்டாக்கினாலும் எழுப்ப முடியாத நிலை. விழித்திருப்பதற்கு இரண்டு பகுதிகள் சேர்ந்து இயங்க வேண்டும். ஒன்று, பான்ஸின் மேற்பகுதியிலிருந்து நடுமூளை வழியாக, மூளையின் நடுவே செய்திகளைக் கடத்தும் தலாமஸுக்கும் அங்கிருந்து பெருமூளையின் மேலடுக்கான புறணிக்கும் ஏறும் விழிப்பூட்டும் மண்டலம். மற்றொன்று, இரு பெருமூளை அரைக்கோளங்கள். 1949 ஆம் ஆண்டு ஜியுசெப்பே மொருஸ்ஸியும் ஹோரஸ் மகூனும் பூனைகளின் மூளைத்தண்டிலுள்ள இந்த வலைப்பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, மூளையின் மின்னலைகள் உறக்கத்துக்குரிய வடிவத்திலிருந்து விழிப்புக்குரிய வடிவத்துக்கு மாறுவதைக் கண்டார்கள். விழிப்பு என்பது புலன்களிலிருந்து வரும் செய்திகளால் தானாக விளைவதன்று, அதற்கென ஒரு மண்டலம் மூளைத்தண்டில் இருக்கிறது என்ற புரிதல் அந்த ஆய்வால் வலுப்பெற்றது.

இதிலிருந்து மருத்துவர் ஒருபோதும் மறக்கக் கூடாத ஒரு முடிவு கிடைக்கிறது. பெருமூளையின் ஒரு பக்கம் மட்டும் கெட்டால் பேச்சு போகலாம், கை கால் விழலாம். ஆனால் விழிப்பு போகாது. ஒரு பக்கப் பக்கவாதம் வந்தவர் கோமாவிலும் இருந்தால், அந்தப் பாதிப்பு வீங்கி மறுபக்கத்தையோ மூளைத்தண்டையோ நெருக்குகிறது என்று பொருள். அல்லது வலிப்பு, சர்க்கரைக் குறைவு போன்ற இரண்டாவது காரணம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. 'பக்கவாதம் வந்தது, அதனால் நினைவில்லை' என்று அதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்தான சோம்பல்.

எனவே கோமாவுக்கு மூன்று வழிகளே உள்ளன. முதல் வழி, மண்டையோட்டுக்குள் மேலிருந்து அழுத்தம் பெருகி, மூளைத் திசு கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூளைத்தண்டை நசுக்குவது. தலைக்காயத்தால் மூளையுறைக்கு வெளியே சேரும் ரத்தக்கட்டு, உறைக்கு அடியில் சேரும் ரத்தக்கட்டு, உயர் ரத்த அழுத்தத்தால் மூளைக்குள் ஏற்படும் கசிவு, பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு வீங்கும் பெருமூளை, சீழ்க்கட்டி, புற்றுக்கட்டி ஆகியவை இவ்வழியில் வருகின்றன. உறைக்கு வெளியே சேரும் ரத்தக்கட்டில், அடிபட்டவர் எழுந்து தெளிவாகப் பேசிவிட்டுச் சில மணி நேரத்தில் கோமாவில் விழுவதுண்டு. இடையில் வரும் அந்தத் தெளிவு நலத்தின் அடையாளமன்று.

இரண்டாவது வழி, மூளைத்தண்டே நேரடியாகக் கெடுவது. பான்ஸுக்குள் ரத்தக் கசிவு ஏற்படலாம். மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பேசிலார் தமனி அடைபடலாம். சிறுமூளைக்குள் கசியும் ரத்தம் முன்னோக்கித் தண்டை அழுத்தலாம். இதில் சிறுமூளைக் கசிவைத் தனியே சொல்ல வேண்டும். தலைசுற்றல், வாந்தி, நிற்க முடியாமை என்று தொடங்கி விரைவில் கோமாவுக்குச் செல்லும் இந்நோயாளிகளில் பலரை, உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தால் காப்பாற்ற முடியும்.

மூன்றாவது வழி மிகப் பரந்தது. மூளையின் கட்டமைப்பு கெடாமல், அதன் வேதியியல் முழுவதும் ஒரே நேரத்தில் குலைவது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதயம் நின்றால் சுமார் 10 விநாடிகளில் நினைவு போய்விடுகிறது. ரத்தச் சர்க்கரை மிகவும் குறைவது, மிகவும் ஏறுவது, சோடியம் குறைவது, கல்லீரல் அல்லது சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் நோயில் கரியமில வாயு தேங்குவது, தைராய்டு சுரப்பு அடியோடு குறைவது, தயமின் (வைட்டமின் பி1) பற்றாக்குறை, உடல் வெப்பம் மிகவும் குறைவது அல்லது மிகவும் ஏறுவது, தூக்க மாத்திரை, மது, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள், பூச்சிக்கொல்லி, கார்பன் மோனாக்சைடு, மூளைக்காய்ச்சல், மூளை மலேரியா ஆகிய யாவும் இந்த வழியில் சேரும். வெளியே கை கால் உதறாமல் மூளைக்குள் மட்டும் நீடிக்கும் வலிப்பும் இங்கேதான் வருகிறது; மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. எடுக்காமல் அதை உறுதிசெய்ய முடியாது என்பதால், அடிக்கடி தவறவிடப்படுகிறது.

பரிசோதனைக்கு முன்னும் அதனோடு சேர்ந்தும் உயிர் காக்கும் வேலைகள் நடக்க வேண்டும். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, ஆக்ஸிஜன் போதுமா, ரத்த அழுத்தம் தாங்குகிறதா என்று பார்ப்பதும், காயம் பட்டிருக்கலாம் எனில் கழுத்தை அசையாமல் பிடிப்பதும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையை அளப்பதும் முதல் நிமிடங்களின் வேலை. இருப்பதிலேயே எளிதாகக் குணப்படுத்தக்கூடிய கோமா சர்க்கரைக் குறைவால் வருவது. நேரம் கடந்தால் மூளையை மீட்க முடியாமல் அழிப்பதும் அதுவே. ஊட்டக்குறைவோ நீண்டகால மதுப்பழக்கமோ உள்ளவருக்கு குளுக்கோஸுடன் தயமினும் தர வேண்டும். ஓபியாய்டு நஞ்சு என்று ஐயம் எழுந்தால் அதன் முறிமருந்தான நலாக்சோன் தரப்படுகிறது.

அதே வேளையில், உடன் வந்தவரிடம் கேட்கும் கேள்விகள் எந்தக் கருவிக்கும் குறைந்தவையல்ல. நொடியில் விழுந்தாரா, நாள்கணக்கில் மந்தமானாரா? விழுமுன் தலைவலி என்றாரா? காய்ச்சல் இருந்ததா? கை கால் வெட்டி இழுத்ததா? என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், வீட்டில் வேறு யாருடைய மாத்திரைகள் இருக்கின்றன? நொடியில் விழுவது ரத்தக் கசிவையோ, பேசிலார் அடைப்பையோ, இதயத் தடுமாற்றத்தையோ சுட்டும். குழப்பத்தில் தொடங்கி மெல்ல ஆழ்வது வேதியியல் கோளாற்றைச் சுட்டும்.

உடலை மேலோட்டமாகப் பார்ப்பதும் பயன் தரும். ரத்த அழுத்தம் ஏறி, நாடி குறைந்து, மூச்சு ஒழுங்கிழந்தால், மண்டையோட்டுக்குள் அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். காதின் பின்புறமோ இரு கண்களைச் சுற்றியோ உள்ள கன்றிய நிறம் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவைக் காட்டும். கழுத்து விறைப்பு மூளைக்காய்ச்சலில் வரும் மூளையுறை அழற்சியையும் மூளையுறைகளுக்கிடையே கசிந்த ரத்தத்தையும் நினைவூட்டும். ஆனால் கோமா ஆழமாகும்போது அந்த விறைப்பு மறைந்துவிடலாம் என்பதால், விறைப்பு இல்லாததைக் கொண்டு மூளைக்காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

இனி நரம்பியல் பரிசோதனை. அதன் முதற்படி, விழிப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பது. கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் 1974 இல் வெளியிட்ட கிளாஸ்கோ அளவுகோல், இன்றைய வடிவில், கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என்று உச்ச மதிப்புகளைத் தருகிறது. எதுவுமே இல்லாதவருக்கும் மூன்றிலும் ஒவ்வொன்று கிடைப்பதால் மொத்தம் 3 முதல் 15 வரை வரும். பொதுவாக 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கோமா என்று கொள்கிறோம். இந்த மொத்தத்தை மட்டும் எழுதிவைக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கண்களைத் திறந்து, பேச்சே இல்லாமல், வலிக்குக் கைகளை இயல்பற்ற முறையில் மடக்குபவருக்கும் மதிப்பெண் 8. கண்களைத் திறக்காமல், முனகியபடி, வலிக்கும் இடத்தைத் தேடிக் கையைக் கொண்டுவருபவருக்கும் மதிப்பெண் 8. இருவரின் மூளை நிலையும் ஒன்றல்ல. மூன்று எண்களையும் தனித்தனியே எழுத வேண்டும். அதைவிட நல்லது, என்ன செய்தோம், நோயாளி என்ன செய்தார் என்று ஒரு வரியில் எழுதுவது. மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவரிடம் பேச்சைச் சோதிக்கவே முடியாது. இந்தக் குறையை ஈடுகட்ட 2005 இல் வந்த ஃபோர் அளவுகோல், பேச்சை விட்டுவிட்டுக் கண், உடலசைவு, மூளைத்தண்டு அனிச்சைகள், மூச்சு ஆகிய நான்குக்கும் தலா 4 வரை மதிப்பெண் தருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

மூச்சின் வடிவம் பாதிப்பின் மட்டத்தைச் சொல்லும் என்று பாடநூல்கள் விரிவாக எழுதுகின்றன. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, சற்று நின்று மீண்டும் தொடங்கும் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு இரு பெருமூளைகளின் பாதிப்பிலும் இதயச் செயலிழப்பிலும் வரும். ஆழமான விரைந்த மூச்சு பெரும்பாலும் ரத்தத்தில் அமிலம் மிகுந்ததைக் காட்டும். ஒழுங்கே இல்லாமல் தடுமாறும் மூச்சு முகுளம் தோற்கிறது என்பதற்கான எச்சரிக்கை. உடனே செயற்கைச் சுவாசம் தேவை. ஆனால் வென்டிலேட்டர் இணைத்துவிட்டால் இவற்றில் பலவும் மறைந்துவிடும்.

கண்பாவை அப்படி மறைவதில்லை. ஒளி பட்டதும் பாவை சுருங்க, பார்வை நரம்பு செய்தியை உள்ளே கொண்டுசெல்ல வேண்டும், நடுமூளை அதைப் பெற வேண்டும், மூன்றாவது மூளைநரம்பு கட்டளையை வெளியே கொண்டுவர வேண்டும். விழிப்பூட்டும் மண்டலமும் அதே நடுமூளை வழியாகவே ஏறுகிறது. கட்டமைப்பு கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும். வேதியியல் கோளாறுகளோ பெரும்பாலும் ஒளிக்குச் சுருங்கும் அனிச்சையைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. ஆழ்ந்த கோமா, மூளைத்தண்டின் மற்ற அனிச்சைகளும் மங்கல், ஆயினும் ஒளிக்கு இரு பாவைகளும் சுருங்குகின்றன என்றால், ரத்தத்திலும் நஞ்சிலும் காரணத்தைத் தேட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கூடப் பல உயிர்களைக் காப்பாற்ற முடியும்.

ஒரு பாவை விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நின்றால், பெருமூளையின் பக்கவாட்டு மடல் சரிந்து அந்தப் பக்கத்து மூன்றாவது நரம்பை நசுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும். நலமாக இருப்பவர்களிலும் சிலருக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வேறுபாடு இருப்பதுண்டு. ஆனால் அவர்களுக்கு இரு பாவைகளும் நன்றாகச் சுருங்கும். இரண்டும் நடுத்தர அளவில் உறைந்து நிற்பது நடுமூளைப் பாதிப்பு. குண்டூசி முனையளவு சுருங்கிய பாவைகள் மூன்று நோய்களை நினைவூட்ட வேண்டும்: பான்ஸ் ரத்தக் கசிவு, ஓபியாய்டு நஞ்சு, ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி. ஓபியாய்டில் மூச்சு மிகவும் மெதுவாகி, நலாக்சோனுக்கு நோயாளி விழித்துக்கொள்வார். பூச்சிக்கொல்லியில் வியர்வையும் எச்சிலும் சளியும் பெருகும். பான்ஸ் கசிவில் கை கால்கள் நான்கும் விழுந்து, கண்கள் பக்கவாட்டில் அசையாமல் போகும். இவ்வளவு சிறுத்த பாவைகூட ஒளிக்குச் சற்றே சுருங்கலாம். அதைக் காண அறையை இருட்டாக்கி, வலிய விளக்கையும் பூதக்கண்ணாடியையும் பயன்படுத்த வேண்டும். மங்கலான டார்ச்சை வைத்துக்கொண்டு 'சுருங்கவில்லை' என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. பாவையை விரிக்கும் கண்சொட்டு விடப்பட்டதா, பழைய கண் அறுவை சிகிச்சை உண்டா, பாவையை விரிக்கக்கூடிய அட்ரோப்பின் மருந்து தரப்பட்டதா என்று கேட்ட பிறகே விரிந்த பாவைக்குப் பொருள் சொல்ல வேண்டும்.

அடுத்தது கண்ணசைவு. முதலில் இமைகளைத் திறந்து எதுவும் செய்யாமல் பார்க்க வேண்டும். இரு கண்களும் இணைந்து மெதுவாக இடமும் வலமும் அலைந்தால், மூளைத்தண்டு பெரும்பாலும் நலமாக இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் திரும்பி நின்றால், பெருமூளைப் பாதிப்பில் அவை பாதிப்புள்ள பக்கத்தையே நோக்கும், செயலிழந்த கை காலுக்கு எதிர்ப்புறமாக. பான்ஸ் பாதிப்பில் இது தலைகீழாகிச் செயலிழந்த கை காலை நோக்கும். பெருமூளையின் ஒரு பக்கத்தில் வலிப்பு நடந்துகொண்டிருந்தால் கண்கள் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். மூக்கு நுனியைப் பார்ப்பதுபோல் இரு கண்களும் கீழ்நோக்கி நிற்பது தலாமஸ் ரத்தக் கசிவில் காணப்படுவது.

பிறகு, கழுத்தெலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பின்னரே, தலையைச் சட்டென ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கிறோம். மூளைத்தண்டு நலமாக உள்ள கோமா நோயாளியின் கண்கள் தலையோடு போகாமல் எதிர்ப்புறம் நகர்ந்து, பார்த்த இடத்தையே பார்ப்பதுபோல் தோன்றும். கண்கள் தலையோடு சேர்ந்தே திரும்பினால் நடுமூளை முதல் பான்ஸின் அடிப்பகுதி வரை உள்ள பாதை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மருந்தால் முற்றிலும் அடங்கியிருக்கிறது. கழுத்தை அசைக்கக் கூடாதென்றாலும், முடிவு தெளிவில்லையென்றாலும், தலையை 30 பாகை உயர்த்தி, செவிப்பறையில் ஓட்டையில்லை என்று பார்த்துவிட்டு, காதுக்குள் பனிக்கட்டி நீர் செலுத்துகிறோம். கோமாவில் உள்ளவரின் மூளைத்தண்டு இயங்கினால் இரு கண்களும் குளிர்ந்த காதை நோக்கி மெதுவாகத் திரும்பி அங்கேயே நிற்கும். விழித்திருக்கும் மூளை அந்தத் திருப்பத்தை விடாமல் திருத்தும் என்பதால், எதிர்ப்பக்கமாக வேகமான துள்ளல்கள் தோன்றும். கோமா போலத் தோன்றினாலும் மூளை விழித்தே இருக்கும் உளவியல் நிலைகளை இது ஐயமின்றிப் பிரித்துக் காட்டுகிறது; அந்நோயாளியைப் பொய்க்காரர் என்று நடத்துவதற்கு இது சான்றன்று, அவருக்கும் உதவி தேவை. கருவிழியைப் பஞ்சுத் திரியால் தொட்டு இமை மூடுகிறதா என்று பார்ப்பது, தொடுதலை உணரும் ஐந்தாம் மூளைநரம்பு, இமையை மூடும் ஏழாம் மூளைநரம்பு ஆகியவை வழியாகப் பான்ஸை மீண்டும் ஒருமுறை சோதிப்பதாகும்.

கை கால்களைச் சோதிக்கும்போது வலி உண்டாக்குவதைக் கண்டு உறவினர்கள் வருந்துவது இயல்பு. நகக்கண்ணிலும், புருவத்தின் கீழ் எலும்பு விளிம்பிலும், தோள் தசையிலும் தரும் அளவான அழுத்தம் போதும். மார்பெலும்பைக் கன்றிப்போகும்வரை தேய்ப்பதும் கிள்ளுவதும் தேவையற்றவை. வலிக்கும் இடத்தைத் தேடிக் கை வருகிறதா, விலகிக்கொள்கிறதா, முழங்கை மடங்கிக் கால் நீள்கிறதா, அல்லது கையும் காலும் உட்புறம் முறுகி நீள்கின்றனவா என்று பார்க்கிறோம். மடங்குவது பாதிப்பு நடுமூளைக்கு மேலே என்றும், நீள்வது அது கீழே இறங்கிவிட்டது என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இரு பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் குறைந்திருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனெனில் அது கட்டமைப்புக் கேட்டின் அடையாளம். விதிவிலக்கும் உண்டு: சர்க்கரைக் குறைவு பக்கவாதம் போலவே ஒரு பக்கத்தை விழச் செய்யலாம். உடலெங்கும் ஆங்காங்கே தசைகள் சுண்டித் துடிப்பது வேதியியல் கோளாற்றில் வழக்கம்.

கோமா போலத் தோன்றும் ஆனால் கோமா அல்லாத நிலைகளை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பான்ஸின் முன்பகுதி மட்டும் கெட்டால், நோயாளி முழு விழிப்புடன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டுமே முடிந்தவராகக் கிடப்பார். 'கண்ணைத் திற, மேலே பார், கீழே பார்' என்று சொல்லிப் பார்க்காத எந்தப் பரிசோதனையும் முழுமையற்றது. கட்டுவிரியன் போன்ற பாம்புகளின் நரம்பு நஞ்சு எல்லாத் தசைகளையும் முடக்கி, பாவைகளையும் விரிந்து உறையச் செய்யலாம்; மூளைச்சாவு போன்ற தோற்றத்தில் இருக்கும் அவருடைய மூளைக்கு எந்தக் கேடும் இல்லாமல் இருக்கலாம், மூச்சைத் தாங்கிப் பிடித்தால் அவர் முழுமையாக மீள முடியும். தசையைத் தளர்த்தும் மயக்க மருந்துகளும் இவ்வாறே ஏமாற்றும்.

அப்படியானால் ஸ்கேன்? கட்டமைப்புக் கோளாறு என்று ஐயம் எழுந்த உடனே எடுக்க வேண்டும். காரணம் தெளிவாகாத எந்தக் கோமாவிலும் எடுக்க வேண்டும். ஆனால் சாதாரண சி.டி. நலமாகத் தெரிந்தாலும், பேசிலார் தமனி அடைபட்டிருக்கலாம், மூளைக்காய்ச்சல் இருக்கலாம், வலிப்பு உள்ளே நீடிக்கலாம், நஞ்சு ஏறியிருக்கலாம். கண்கள் இணைந்து அசையவில்லை என்று படுக்கையருகே கண்டவர்தான் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் கேட்பார். இமை சற்றே துடிப்பதைக் கண்டவர்தான் இ.இ.ஜி. கேட்பார். ஸ்கேன் ஒரு கணத்தின் படம்; பரிசோதனையோ மணிக்கு மணி திரும்பச் செய்யக்கூடியது. காலையில் சுருங்கிய பாவை மாலையில் சுருங்கவில்லை என்றால், காலையில் எடுத்த ஸ்கேனுக்கு மதிப்பில்லை.

கடைசியாக, 'பிழைப்பாரா, விழிப்பாரா' என்ற கேள்வி. விடை காரணத்தைப் பொறுத்தே அமையும். தூக்க மாத்திரை நஞ்சில் எல்லா அனிச்சைகளையும் இழந்து கிடந்தவர் நடந்து வீடு திரும்பலாம். இதயம் நின்று மீண்டவர்களிடம், அது மீண்டும் துடிக்கத் தொடங்கிக் குறைந்தது 72 மணி நேரம் கழியாமல், உடலைக் குளிர்வித்திருந்தால் இயல்பு வெப்பத்துக்குத் திரும்பாமல், மயக்க மருந்துகள் உடலைவிட்டு நீங்காமல், விளைவைப் பற்றி உறுதியாகப் பேசக் கூடாது. சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டிருந்தால் மருந்துகள் நீங்க இன்னும் நாள்களாகும். அதன் பின்னரும் ஒளிக்குப் பாவையும் தொடுதலுக்கு இமையும் இரு பக்கமும் அசையவில்லை என்றால் அது மிகவும் தீய அறிகுறி. ஆயினும் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், மணிக்கட்டு நரம்பைத் தூண்டும்போது பெருமூளைப் புறணியில் எழ வேண்டிய மின்னலை எழுகிறதா என்ற சோதனையையும், இ.இ.ஜி.யையும், எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உயிர் தங்கியவர்களில் கோமா பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் கண்கள் திறந்துவிடும். திறந்த கண்கள் ஒருவரின் முகத்தையோ, முகம் பார்க்கும் கண்ணாடியையோ பின்தொடர்கின்றனவா என்று அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், வெவ்வேறு நேரங்களில், பொறுமையாகச் சோதிக்க வேண்டும். ஒருமுறை பார்த்து இல்லை என்று எழுதப்பட்டவர்களில் சிலரிடம், திரும்பத் திரும்பப் பார்த்தபோது உணர்வு இருப்பது தெரியவந்திருக்கிறது.